சம்பந்திக்கு முன்னால் நான் எறிந்த பந்து

சம்பந்தி வீட்டாரிடம் எதையெல்லாம் பேசக்கூடாது என்று எனக்கு ஊரே பாடம் எடுத்தது. அரசியல் பேசாதே, சாதி பேசாதே, எந்த நடிகர் பெரியவர் என்று வாய் தவறியும் பேசாதே என்று என் தங்கை கோவையிலிருந்து தினமும் போன் போட்டுச் சொன்னாள். கல்லூரி ஃபுட்பால் பேசாதே என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. ஒரு நிச்சயதார்த்தத்தைக் கவிழ்க்க அது போதும் என்பதை நானேதான் கண்டுபிடித்தேன்.

இங்கே டெக்சாஸில் ஃபுட்பால் என்றால் காலால் உதைக்கும் விளையாட்டு இல்லை. கோழி முட்டையைப் பெரிதாக்கித் தோல் போர்த்தியது போன்ற ஒரு பந்தைக் கையால் எறிந்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவது. எதிரணிக்காரர்கள் நான்கு பேர் மேலே விழுந்து அமுக்குவார்கள். நான் எம்.எஸ். படிக்க வந்தபோது என் அபார்ட்மென்ட் ஸ்டேடியத்துக்கு எதிரே இருந்தது. சனிக்கிழமை வந்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். முதல் மாதம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படித்தேன். இரண்டாம் மாதம் என்னதான் நடக்கிறதென்று பார்த்துவிடலாம் என்று உள்ளே போனேன். அதோடு சரி, இன்றுவரை வெளியே வரவில்லை. (யுனிவர்சிட்டி பெயரைச் சொல்ல மாட்டேன். எதிரணி ரசிகர்கள் படிப்பதை இங்கேயே நிறுத்திவிடுவார்கள்.) என் ரூம்மேட் ஒரு பண்ணைக்காரர் மகள். பந்தை எப்படிப் பிடிப்பது, எப்படிச் சுழற்றி எறிவது என்றெல்லாம் கற்றுக்கொடுத்தாள். தற்பெருமை என்று நினைக்க வேண்டாம், எனக்கு நல்ல கை.

இப்படிப்பட்ட எனக்கு மகளாகப் பிறந்த அனு, சான் ஹோசேயில் வளர்ந்த விக்ரமைக் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னாள். நல்ல பையன். எங்களுக்குப் பரம சந்தோஷம். நிச்சயதார்த்தத்துக்காக அவன் அப்பா அம்மாவோடு எங்கள் ஊரான ரவுண்ட் ராக்குக்கு வந்திறங்கினான். சனிக்கிழமை மாலை ஹாலில் மோதிரம் மாற்றுவது, அதற்கு முன் எங்கள் வீட்டில் காலை டிபன் என்று ஏற்பாடு.

"அம்மா, அங்கிள் அவ்வளவா பேச மாட்டார். அவரைப் போட்டு நோண்டாதே, ஓகே?" என்று அனு முன்கூட்டியே எச்சரித்திருந்தாள்.

உண்மையில் விக்ரமின் அப்பா ராமநாதன் சார் பேசவே இல்லை. சோபாவின் நுனியில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் "ம்", "ஆமாங்க", "போதும்ங்க" என்று மூன்றே பதில்களில் ஒரு மணி நேரத்தை ஓட்டினார். அவர் பங்குக்கும் சேர்த்து அவர் மனைவி மீனாட்சி பேசினார். என் கணவர் செல்வராஜ் ஈரோட்டுக்காரர்; விருந்தாளி சும்மா இருந்தால் அவருக்குக் கை துறுதுறுக்கும். "தண்ணி குடிங்க சம்பந்தி" என்று சமையலறைக்குப் போனவர், நான் எடுத்து வைத்திருந்த வெள்ளி டம்ளர்களை விட்டுவிட்டு, தினமும் அவர் குடிக்கிற பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். ஸ்டேடியத்தில் சோடா வாங்கினால் தருவார்களே, அந்தக் கப்.

ராமநாதன் சார் கப்பைத் திருப்பினார். அதிலிருந்த சின்னத்தைப் பார்த்தார். தண்ணீரைக் குடிக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது யாரோடது?"

"என்னோடதுதான் சார். நான் அங்கதான் எம்.எஸ். பண்ணேன்" என்றேன்.

"நானும் அங்கதாங்க!"

அந்த மனிதரின் முகத்தில் மின்சாரம் வந்ததை நான் பார்த்தேன். எந்த டிபார்ட்மென்ட், எந்த ஹாஸ்டல், கேம்பஸ் ஓரத்து பீட்சா கடை இன்னும் இருக்கிறதா என்று கேள்விகள் கொட்டின. அவர் எனக்குப் பத்து வருடம் முன்னால் படித்தவர். என்ன பொருத்தம், ஜாதகத்தில்கூட இது வரவில்லையே என்று நான் பூரித்துப்போனேன். அனு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"என்ன சொல்லுங்க மேடம், நம்ம டீம்ல இதுவரைக்கும் வந்ததிலேயே பெஸ்ட்னா டிராக்டர்தான்" என்றார் அவர்.

டிராக்டர் என்பது அவர் காலத்து ஓட்டக்காரருக்கு ரசிகர்கள் வைத்த பெயர். இடுப்பில் மூன்று பேர் தொங்கினாலும் உழுதுகொண்டே போவாராம். நல்ல ஆட்டக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் இதுவரை வந்ததிலேயே என்றால் எப்படி?

"டிராக்டர் நல்ல பிளேயர்தான் சார். ஆனா பெஸ்ட் வந்து எங்க ஸ்லிம்" என்றேன்.

ஸ்லிம் என் காலத்துப் பந்து வீசுபவர். கொத்தவரங்காய் உடம்பு. கடைசி நொடியில் மைதானத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு அவர் எறிந்த ஒரு பாஸ், ஓடிக்கொண்டிருந்தவரின் கையில் பூப்போல வந்து உட்கார்ந்தது. தோற்க வேண்டிய ஆட்டத்தை ஜெயித்தோம். நான் அந்த ஸ்டேடியத்தில் இருந்தேன். முன்பின் தெரியாத ஒரு அம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

ராமநாதன் சார் சிரித்தார். "அதுவா? அது காத்துங்க."

"காத்தா?"

"அன்னைக்கு அடிச்ச காத்துல யார் தூக்கிப் போட்டிருந்தாலும் அங்கதான் போய் விழுந்திருக்கும்."

என் அப்பாவைத் திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். "சார், நீங்க டிவில பாத்திருப்பீங்க. நான் நேர்ல பாத்தேன். காத்து எதிர்ப்பக்கம் அடிச்சுது!" என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் பெரிதாகக் கேட்டது.

"கோமதி, கேசரி ஆறுது" என்றார் செல்வராஜ்.

"இருங்க!" என்று நானும் ராமநாதன் சாரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அதற்கப்புறம் பேச்சு தடித்தது. டிராக்டர் பெரிய ஆட்டங்களில் பந்தை நழுவவிட்டதை நான் சொன்னேன். ஸ்லிம் முழங்கால் சரியில்லாமல் பாதி சீசன் பெஞ்சில் உட்கார்ந்ததை அவர் சொன்னார். "உங்க காலத்துல எதிர் டீமெல்லாம் சோப்ளாங்கி சார்" என்று நான் சொன்னபோது மீனாட்சியின் கையிலிருந்த ஸ்பூன் அப்படியே நின்றது. அனு என்னைப் பார்த்துக் கழுத்தை அறுப்பதுபோல விரலை இழுத்துக் காட்டினாள். அது எனக்கா டிராக்டருக்கா என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

"காத்து இல்லாம அப்படி ஒரு பாஸ் போடவே முடியாது. சயின்ஸ் ஒத்துக்காது" என்று முடித்தார் ராமநாதன் சார்.

"வாங்க, காட்டறேன்" என்று எழுந்தேன்.

காஞ்சிபுரம் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, கையில் கராஜிலிருந்து எடுத்த ஃபுட்பால். எங்கள் பின்கட்டுத் தோட்டத்தின் ஒரு மூலையில் நான். குடும்பம் முழுவதும் பின்வாசலில் நின்றது. ஒரு இலைகூட அசையவில்லை என்பதைச் சாட்சிக்காரர்கள் எல்லோருக்கும் சுட்டிக் காட்டினேன். ஓடிப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று சுற்றிலும் பார்த்தேன். பட்டு வேட்டியில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தான்.

"விக்ரம், ஓடு!"

"ஆன்ட்டி, ஐ டோன்ட் ரியலி பிளே..."

"சும்மா ஓடுப்பா, பந்து உன்னைத் தேடி வரும்!"

வருங்கால மாமியார் சொல்லைத் தட்ட முடியாமல் அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். நான் முந்தானையை இடுப்பில் செருகினேன். கையைப் பின்னால் இழுத்தேன். எறிந்தேன்.

அந்தப் பந்தைப் பற்றி நான் ஒன்று சொல்லியாக வேண்டும். என் வாழ்க்கையில் அப்படி ஒரு பந்தை அதற்கு முன்னும் எறிந்ததில்லை, பின்னும் எறிந்ததில்லை. தள்ளாடாமல், பம்பரம்போலச் சுழன்று, எலுமிச்சை மரத்துக்கு மேலே ஏறி, விக்ரமின் இரண்டு கைகளுக்கும் நடுவே மிகச் சரியாக இறங்கியது. அவன் விரல்களை விரித்து வைத்திருந்தான். அங்கேதான் கோளாறு. எறிந்தவளிடம் ஒரு குறையும் இல்லை.

'டக்' என்று ஒரு சத்தம். பிறகு விக்ரம், "அம்மா!" என்று அலறினான்.

வலது கை மோதிர விரல் நடுவில் வேறு திசை பார்த்து நின்றது. சாயங்காலம் மோதிரம் போட வேண்டிய அதே விரல்.

"அம்மா! சீரியஸ்லி? இன்னைக்கா?" என்று அனு கத்தினாள். கண்ணில் தண்ணீர். மீனாட்சி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த அம்மாள் பேசாமல் இருப்பதை நான் முதல்முறையாகப் பார்த்தேன். பயலே, டிராக்டரே, நீயே பெரியவனாக இருந்துவிட்டுப் போயேன், என் பெண்ணின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேனே என்று ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்க மனதுக்குள் புலம்பினேன். செல்வராஜ் கார் ஓட்டினார். அவர் வழக்கமாகப் போடும் பழைய பாட்டைக்கூடப் போடவில்லை.

எமர்ஜென்சியில் இருந்த டாக்டர் நரைத்த மீசைக்காரர், உள்ளூர் ஆள். பட்டு வேட்டி, பட்டுப்புடவை, மல்லிகைப்பூ என்று ஊர்வலமாக நுழைந்த எங்களைப் பார்த்து, எப்படி அடிபட்டது என்று கேட்டார்.

"என் வருங்கால மாமியார் எறிந்த பாஸைப் பிடித்தேன்" என்றான் விக்ரம்.

டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏன் எறிந்தீர்கள் என்று கேட்டார். வேறு வழியில்லாமல் ஸ்லிம், டிராக்டர் கதையை நான் சுருக்கமாகச் சொன்னேன். அவர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார். தானும் அதே யுனிவர்சிட்டிதான் என்றார். பிறகு நிதானமாக, "நீங்கள் இரண்டு பேருமே தப்பு. நம் டீமின் மிகப் பெரிய ஆட்டக்காரர் என்றால் கிக்கர் பாபிதான்" என்றார்.

கிக்கர்! ஆட்டம் முழுக்க ஓரமாக நின்றுவிட்டு, நடுவில் வந்து ஒரு உதை உதைத்துவிட்டுப் போகிறவர்! சட்டையில் அழுக்குகூடப் படாது!

"கிக்கரா?" என்று இரண்டு குரல்கள் ஒன்றாக எழுந்தன. ஒன்று என்னுடையது. இன்னொன்று ராமநாதன் சாருடையது.

"டாக்டர், இந்த மேடத்தோட ஸ்லிம் அந்தப் பாஸைப் போடலேன்னா உங்க கிக்கருக்கு உதைக்கவே வேலை இருந்திருக்காது!" என்றார் ராமநாதன் சார், தமிழிலேயே. பிறகு நினைவு வந்து இங்கிலீஷில் இன்னும் சத்தமாகச் சொன்னார்.

நான் விடுவேனா? "டிராக்டர் இழுத்துக்கொண்டு போன தூரத்தில் பாதியாவது உங்கள் பாபி நடந்திருப்பாரா?" என்று கேட்டேன். சம்பந்தி தலையாட்டி ஆமோதித்தார். அவர் தொடங்கிய வாக்கியத்தை நான் முடித்தேன், நான் தொடங்கியதை அவர் முடித்தார். டாக்டர் ஒரு ஆளாக நின்று எங்கள் இருவரையும் சமாளித்தார்.

"எக்ஸ்க்யூஸ் மீ, என் விரல்?" என்றான் விக்ரம்.

டாக்டர் பாபியைப் பற்றிப் பேசியபடியே விரலைப் பிடித்து இழுத்து ஒரே சொடுக்கில் மூட்டைச் சரி செய்தார். விக்ரமின் அலறலுக்கு நடுவே இன்னொரு சத்தம் கேட்டது. மீனாட்சி நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த மனுஷன் இவ்வளவு பேசி நான் பாத்ததே இல்லைங்க" என்றார் என்னிடம். "எங்க வீட்ல இதைக் கேக்கறதுக்கு ஆளே இல்லை. எங்கிட்டச் சொன்னா நான் தூங்கிடுவேன். இனிமே நீங்களே பாத்துக்கங்க."

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

சாயங்காலம் நிச்சயதார்த்தம் நடந்தது. விக்ரமின் விரல் கட்டுப் போட்டு, எண்ணெயிலிருந்து எடுத்த வாழைக்காய் பஜ்ஜி மாதிரி உப்பியிருந்தது. மோதிரத்தை இடது கையில் போடலாமா என்று பெரியவர்கள் கூடி விவாதித்தார்கள். "எந்தக் கையா இருந்தா என்ன, மாப்பிள்ளை அவர்தானே?" என்று சாஸ்திரிகள் தீர்ப்புச் சொன்னார். மேடைக்கு எதிரே முதல் வரிசையில் நானும் சம்பந்தியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, பாபிக்கு எதிராக இன்னும் சில பாயிண்ட்டுகள் சேகரித்துக்கொண்டிருந்தோம். நிச்சயதார்த்த ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட நாங்கள் இருவரும் மேடையைப் பார்க்கவில்லை.

இப்போதும் சீசன் வந்தால் சனிக்கிழமைகளில் சான் ஹோசேயிலிருந்து சம்பந்தியின் போன் வரும். ஸ்லிம் பெரியவர் என்று அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. காற்று என்ற பேச்சை மட்டும் விட்டுவிட்டார். காற்றே இல்லாமல் என் பந்து போனதை நேரில் பார்த்தவர் அல்லவா.

ஆனால் குடும்பத்தில் எனக்கு வந்த பெயர் போகவில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பு ஜாடியை நான் எடுத்தால், எதிரே இருப்பவர்கள் கையை மேஜைக்கு அடியில் ஒளித்துக்கொள்வார்கள். போன வருடம் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி முதலில் என் கையில்தான் கொடுத்தார். சிவப்பாக, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கைச் சூட்டோடு இருந்தாள். எல்லோரும் கண் கலங்கி நின்றார்கள். அவளை அப்பாவிடம் கொடுக்கலாம் என்று, அறையின் அந்தக் கோடியில் நின்ற விக்ரமைப் பார்த்துக் குழந்தையை லேசாக உயர்த்தினேன்.

அவன் முகம் வெளுத்தது. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு சொன்னான்:

"அத்தை, ப்ளீஸ்... நடந்து வந்து குடுங்க."