டாஃபடிலுக்கு ஓர் உரை

பூவைக் கண்டால் முகர்கிறவர்கள் உண்டு. யாரும் பார்க்காதபோது பறித்துப் பைக்குள் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. பூவைக் கண்டதும் தொண்டையைக் கனைக்கிறவர்கள் மூன்றாவது இனம். உங்களுக்கும் ஒருவரைத் தெரியாமல் இருக்காது.

நம் ஆள் நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டுகிறவர். கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் உரையாசிரியர். குளிர் விட்டு, டாஃபடில் என்கிற அந்த மஞ்சள் பூ தலைகாட்டியதோ இல்லையோ, மனிதருக்கு இருப்புக் கொள்ளாது. ஓவியத்தில் டாஃபடில் வந்தால் மறுபிறப்பு, கவிதையில் வந்தால் தன்னழகில் தானே சொக்கும் கர்வம், நாவலில் ஜன்னலோரம் வந்துவிட்டால் அந்த வீட்டிலிருந்து யாரோ ஓடிப்போகப் போகிறார்கள் என்று விளக்க ஆரம்பித்தால், தேநீர் ஆறி, கேட்டவர் காது புளித்து, கடைசி பஸ்ஸையும் விட்டபிறகுதான் ஓய்வார். அது ஏன் மஞ்சள் என்று கேட்டுத் தொலைத்தீர்களோ, அவ்வளவுதான்.

அவர் மனைவிக்குப் பல் மருத்துவமனையில் வேலை. ஓய்வு நேரத்தில் படம் வரைவாள். நூலகக் கண்காட்சிக்கு முதல் தடவையாக அவளிடம் ஒரு படம் கேட்டிருந்தார்கள். அதற்காகவே சமையலறை ஜன்னலில் டாஃபடில் கிழங்கு நட்டு ஐந்து மாதம் காத்திருந்தாள். மொட்டு விரியும் நேரம் பார்த்துத் தங்கைக்குப் பிரசவம்.

"பத்து நாள்ல வந்துடுவேன். தண்ணி மட்டும் ஊத்துங்க, போதும். விளக்கம் வேண்டாம்."

"இதெல்லாம் ஒரு வேலையா? நான் பார்த்துக்கறேன்மா."

பார்த்துக்கொண்டார். நாற்காலி போட்டுப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரரை இழுத்து வந்து காட்டினார். பூ தலை தொங்கியபோது, "பணிவு" என்றார். இதழ் சுருங்கியபோது, "இளமை நிலையாமை" என்று நோட்டில் குறித்துக்கொண்டார். தண்ணீரா? அது எந்த நூலிலும் இல்லையே!

திரும்பி வந்தவள் தொட்டி மண்ணில் விரலை வைத்துப் பார்த்தாள்.

"அஞ்சு மாசம்ங்க!" அழுதேவிட்டாள்.

அவர், "வாட்டம்னா கலையில..." என்று ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் நோட்டை மூடி ஜன்னலோரம் வைத்துவிட்டார்.

கண்காட்சிக்கு இன்னும் மூன்றே நாள். வேறு வழியில்லாமல் வாடிய பூவையே வரைந்தாள். பக்கத்தில் அவருடைய நோட்டு, நோட்டின் மேல் அவர் மூக்குக்கண்ணாடி, கைக்கெட்டும் தூரத்தில் விளிம்புவரை தண்ணீர் நிறைந்த குவளை.

கண்காட்சியன்று கூட்டமெல்லாம் அந்தப் படத்தின் முன்னால்தான். தலைமை நூலகர் நம் ஆளின் தோளைத் தட்டினார். "குவளை நிறையத் தண்ணி, பக்கத்துல வாடின பூ! என்ன அர்த்தம் உரையாசிரியரே? நீங்கதான் சொல்லணும்."

மனைவியும் திரும்பிப் பார்த்தாள். முதல் தடவையாக ஒரு பூவின் பொருள் அவருக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்திருந்தது.

"நான் தண்ணி ஊத்தலை சார்."

இந்தப் பதிலில் ஏதோ ஆழமான குறியீடு இருப்பதாகத் தோன்றுகிறதா? தொண்டையைக் கனைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். முதலில் உங்கள் வீட்டுத் தொட்டி மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.