அ தோட்டத்தைத் தேடுகிறார்கள்

பட்டம் பெற விரும்பும் எந்த மாணவியும் இறுதியாண்டில் ஓர் ஆய்வேடு சமர்ப்பித்தல் வேண்டும். இது பல்கலைக்கழக விதி. அந்த ஆய்வேட்டை யாராவது வாசித்தல் வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. இந்தக் கதையில் வந்த வில்லங்கமெல்லாம் ஒருவர் வாசித்துத் தொலைத்ததால் வந்தது.

லோஜினி மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அம்மா சண்முகவடிவு கொழுந்து எடுக்கிறவர். அவர் வேலை செய்யும் மேல்மலையில் பெண்களுக்கு ஒரு கக்கூஸ் இல்லை. குடியிருக்கும் லயத்துக்கு இறங்கி ஏறினால் பாதிநாள் போய்விடும். அதனால் பெண்கள் காலையில் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். சண்முகவடிவு நீர்க்கடுப்பு முற்றி ஆஸ்பத்திரியில் படுத்து எழும்பியிருந்தார். ஆகவே ஆய்வுக்குத் தலைப்புத் தேடி லோஜினி அலையவில்லை. மேல்மலையில் ஒரு கக்கூஸ் வரவேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

மேற்பார்வையாளர் கலாநிதி முத்துலிங்கம் தலைப்பைச் செம்மைப்படுத்தினார். 'பெருந்தோட்டப் பெண் தொழிலாளர் பணித்தலச் சுகாதார வசதிகளை அணுகும் நிலை: ஒரு சமூகவியல் நோக்கு' என்றானது. லோஜினி அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள்.

"இதுல கக்கூஸ் எங்கடி இருக்கு?"

"உள்ளுக்குள்ள வருதும்மா."

அடுத்து ஆய்வு ஒழுக்கக் குழு கூடியது. தகவல் தருவோரின் பெயரோ தோட்டத்தின் பெயரோ எக்காரணம் கொண்டும் வெளிவரலாகாது, அது அவர்களின் பாதுகாப்புக்காக, என்று தீர்மானித்தது. பாதுகாக்கப்படப் போகிறவர்களைக் கேட்கும் வழக்கம் அந்தக் குழுவுக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை லோஜினியின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல லயத்துப் பெண்கள் கூடினார்கள். தோட்டத்தில் ஒரு முறை இருக்கிறது. காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் சேர்ந்து வேலைக்குப் போனால், கணக்கப்பிள்ளை பேர் போடுவார். பேர் விழாத நாள், முதுகு ஒடிய உழைத்திருந்தாலும், வேலை செய்யாத நாள்தான். கூட்டத்திலிருந்த வீரம்மா முதல் கேள்விக்கே கையை நீட்டி மறித்தார்.

"எங்க பேர எதுல போடுற?"

"பேர் போடக் கூடாதுங்க அத்த."

"அப்ப இந்தக் கையெழுத்து எதுக்கு?"

"பேர் வெளிய வராதுங்கிறதுக்கு நீங்க சம்மதிச்சதா, பேர எழுதிக் கையெழுத்துப் போடணும்."

வீரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "யுனிவர்சிட்டிக்கு ஒழுங்காப் போறியா நீ?"

"ஒங்களுக்குப் பிரச்சன வரக் கூடாதுன்னுதான். தோட்டத் தொரைக்குத் தெரிஞ்சுட்டா?"

"தொரைகிட்ட நேத்துப் பெரட்டுலயே சத்தம் போட்டுச் சொன்னேன். யூனியன் தலைவர்கிட்ட சொன்னேன். ஓட்டுக் கேட்டு வந்தவங்ககிட்ட மைக்க வாங்கிச் சொன்னேன். ஒங்க ஆளுங்களுக்கு மட்டும் ரகசியமா?"

பேர் போடாத வேலைக்கு வரமாட்டோம் என்று பெண்கள் எழும்பிவிட்டார்கள். லோஜினி ஒரு தாளில் எல்லாருடைய பேரையும் எழுதி, கணக்கப்பிள்ளை மாதிரி உரக்க வாசித்துக் காட்டி, இது பல்கலைக்கழக அலுமாரியில் பூட்டி வைக்கப்படும் என்றாள். பூட்டி வைக்கிற அளவுக்குத் தங்கள் பேருக்கு மதிப்பா என்று பெண்களுக்குச் சந்தோஷம். ஐந்து வருடத்தில் எரித்துவிடுவார்கள் என்ற விதியை அவள் சொல்லாமல் விட்டாள்.

ஆய்வேட்டில் அவர்களுடைய தோட்டம் 'அ தோட்டம்' ஆனது. மஸ்கெலியா 'மலைநாட்டின் ஒரு சிறுநகர்' ஆனது. பெற்ற தாய் 'பதிலளித்தவர் ஏழு' ஆனார். நேர்முகப் பரீட்சையில் பரீட்சகர், "பதிலளித்தவர் ஏழு சற்று மிகைப்படுத்துவதாகத் தோன்றுகிறதே?" என்றார். அது என் அம்மா என்று சொன்னால் பக்கச்சார்பாகிவிடும் என்பதால், "இருக்கலாம் சேர்" என்றாள் லோஜினி. முதல் வகுப்பில் சித்தியடைந்தாள்.

அத்தோடு எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். அந்த நேரம் பார்த்து ஏதோ ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தார் ஆய்வேட்டை வாசித்துக் கண் கலங்கி, அ தோட்டத்துக்குக் கக்கூஸ் கட்டப் பணம் அனுப்பிவிட்டார்கள். அபிவிருத்தி அதிகாரி லோரன்ஸ், கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே வந்தார்.

"அ தோட்டம் எது தங்கச்சி? சொன்னீங்கன்னா அடுத்த மாசமே அத்திவாரம் வெட்டிருவோம்."

லோஜினி மேற்பார்வையாளரைப் பார்த்தாள். "சொல்லலாமா சேர்?"

"தாராளமாகச் சொல்லலாம். சொன்னால் ஒழுக்க விதி மீறல். ஆய்வேடு இரத்தாகும், கூடவே பட்டமும்."

"அந்தப் பொம்பளைங்களே வந்து சொன்னா?"

"அவர்கள்தாம் தகவல் தந்தவர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?"

"அலுமாரியில பேர் இருக்கு சேர்."

"அது இரகசியம்."

லோரன்ஸ் பெருமூச்சு விட்டார். நல்ல மனுசன், அவரும் லயத்தில் பிறந்தவர்தான். "எனக்குக் கட்டத்தான் ஆசை. ஆனா கோப்புல அ தோட்டம்னு இருக்கு. வேற எங்கயாவது கட்டினா கணக்காய்வுல என்னத் தொங்க விட்டுருவாங்க."

லோஜினி அன்றே வீட்டுக்குப் போன் போட்டாள். 'நாங்கள்தான் அ தோட்டம்' என்று வீரம்மா தலைமையில் மனுப் போனது. விஷயம் எப்படியோ பரவி, உடப்புசல்லாவையிலிருந்து ஒரு தோட்டம் தாங்கள்தான் என்றது. வட்டகொடைப் பக்கமிருந்து இன்னும் சில வந்தன. கடைசியில் மலைநாட்டில் மனுப் போடாத தோட்டத்தைத் தேட வேண்டியிருந்தது. லோரன்ஸ் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். எங்கேயும் மலையில் கக்கூஸ் இல்லை. எங்கேயும் பெண்கள் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. ஆய்வேட்டில் எழுதியிருந்தது எல்லா இடத்துக்கும் அச்சொட்டாகப் பொருந்தியது.

இத்தனை தோட்டங்களும் ஒரே தோட்டமாக இருப்பது நிர்வாக ரீதியாகச் சாத்தியமற்றது. எனவே 'போலி உரிமைகோரல்கள் பெருகியுள்ளன' என மேலிடம் முடிவு செய்தது. உண்மையான அ தோட்டத்தை விஞ்ஞானபூர்வமாகக் கண்டறியக் கலாநிதி முத்துலிங்கம் தலைமையில் ஓர் ஆய்வுத் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. கக்கூஸுக்கு வந்த பணம் அதற்கு மாற்றப்பட்டது. ஆய்வு உதவியாளர் தேவை என்று விளம்பரம் வந்தது. பட்டம் வாங்கி வேலை கிடைக்காமல் வீட்டிலிருந்த லோஜினி விண்ணப்பித்தாள்.

"இத்துறையில் முன்னனுபவம் உண்டா?" என்று நேர்முகத்தில் முத்துலிங்கம் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் கேட்டார்.

"உண்டு சேர்" என்றாள்.

வேலை கிடைத்தது. முதல் வருடம் முழுக்க முன்னைய ஆய்வுகளை மீளாய்வு செய்ய வேண்டும். இந்த விடயத்தில் முன்னைய ஆய்வு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை அவள் தினமும் காலை எட்டரையிலிருந்து மாலை நாலேகால் வரை கவனமாக வாசித்து, இது எந்தத் தோட்டமாக இருக்கலாம் என்று குறிப்பெடுக்கிறாள்.

பெரட்டுக்களத்தில் சண்முகவடிவுக்கு இப்போது தனி மரியாதை. மகள் உத்தியோகத்தில் அல்லவா இருக்கிறாள்?

"நம்ம தோட்டத்தத்தானே தேடுறா?" என்று வீரம்மா கேட்டார். "கெடச்சுருச்சாமா?"

"மெதுவாப் பேசுங்க மயினி" என்றார் சண்முகவடிவு. "சீக்கிரம் கெடச்சுட்டா புள்ளைக்கு வேல போயிரும்."