கல்லச்சில் மாறிப்போன கை

என்னைப் பார்த்து ஒருவன் ஓவியம் வரைய ஆசைப்பட்டான் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானும் நம்பவில்லை. எழுபதுகளின் கடைசியில் அது நடந்தது. அதனால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

ஆசைப்பட்டவன் என் சித்தி மகன் தங்கவேலு. சென்னையில் ஓவியம் படித்துவிட்டு வந்து, சிம்மக்கல்லில் ஒரு பழைய அச்சகத்தின் பின்கட்டில் கல்லில் வரைந்து தாளில் அச்செடுத்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, சட்டையக் கழட்டுங்க” என்றான். கழற்றினேன். “ஆத்தாடி, எலும்பு எம்புட்டுத் தெளிவா இருக்கு!”

(பக்கத்துக்குப் பன்னிரண்டு. யார் வேண்டுமானாலும் எண்ணலாம்.)

ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள், மும்மூன்று மணி நேரம், இடுப்பில் துண்டோடு குந்தியிருந்தேன். இடது கையில் கும்பா, வலது கையில் ஒரு கவளம் பழைய சோறு. கவளம் வாய்க்கு நான்கு விரற்கடைக்கு அப்பாலேயே நின்றது. பதினோரு எறும்புகள் கடித்தன.

படம் ஒரு கல்லூரிக் கண்காட்சிக்குப் போனது. அங்கே அதைப் பார்த்தவர் அவனியாபுரத்து டிரில் மாஸ்டர். அவர் மகள் சரோஜாவைத்தான் எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை வீட்டுக்கே வந்துவிட்டார். வெற்றுடம்பைப் பற்றி அவருக்கு வருத்தமே இல்லை.

“தம்பி, நீங்க பீச்சாங்கையிலயா சாப்புடுவீக?”

தங்கவேலுவை இழுத்து வந்தேன். “மாமா, கல்லுல வரைஞ்சா தாள்ல இடவலம் மாறித்தான் விழும்” என்று கண்ணாடியை வைத்துக் காட்டினான்.

“கண்ணாடில பாத்தா என் பீச்சாங்கையும் சோத்துக்கைதான்” என்றார் மாஸ்டர். “பேசி முடிக்கிறதுக்கு முன்னாடி பொண்ணு வீட்டுல கை நனைக்கக் கூடாதும்பாக. எனக்குக் கை எதுன்னு தெரிஞ்சாத்தான் பேச்சே. ஞாயித்துக்கிழமை சாப்பிட வாங்க.”

போனேன். இலைக்கு எதிரே ஏழு பேர் நின்று என் கையையே பார்த்தார்கள். அவ்வளவு பேர் பார்த்ததில், எனக்கே என் இடது கைமேல் சந்தேகம் வந்துவிட்டது. எதற்கு வம்பு என்று அதைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

சாம்பார் வரை மரியாதையாகப் போனது. பிறகு சரோஜாவின் அம்மா ரசம் ஊற்றினார். பதற்றத்தில் ‘போதும்’ சொல்ல மறந்தேன். மூன்று கரண்டி. ரசம் சோற்றை உடைத்துக்கொண்டு, இலையைத் தாண்டி, பக்கத்தில் அமர்ந்திருந்த மாஸ்டரின் வெள்ளை வேட்டியை நோக்கிப் புறப்பட்டது. வலது கையால் மறித்தேன்; விரலிடுக்கில் ஓடியது.

“ரெண்டு கையாலயும் இலையைத் தூக்குங்க தம்பி!”

“மாட்டேன் மாமா!”

வேட்டி நனைந்தது. அடுப்படியிலிருந்து ஒரு சிரிப்பு; பிறகு சரோஜாவின் குரல்: “அப்பா, ரசம் இம்புட்டு ஓடியும் அந்தக் கை வெளிய வரல. இன்னும் என்னத்தப் பாக்கணும்?”

அந்த ஆவணியிலேயே கல்யாணம். அதிலிருந்து எங்கள் வீட்டு விசேஷப் பந்திகளில் ரசவாளி வந்தால் போதும், என்னைக் கேலி செய்ய எல்லோரும் இடது கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொள்வார்கள். பேத்தி இதைக் குடும்ப வழக்கம் என்றே நினைத்து வளர்ந்திருக்கிறாள். போன மாதம் விருந்துக்கு வந்த அவள் புருஷன், சென்னைக்காரப் பையன், ரசத்தைக் கண்டதும் பயபக்தியோடு கையின்மேல் உட்கார்ந்தான்.

 நான் வலது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.