தொண்ணூற்றைந்து வருஷத்து நிறம்

“யாரு இந்தக் காசைத் தொட்டது?”

மருதாசலம் போட்ட சத்தத்தில் ருக்குமணி விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டாள். வீட்டில் இருப்பதே அவர் ஒருவர்தான். மந்தாரக்குப்பத்திலிருந்து மத்தியானத்தில் இரண்டு மணி நேரம் வேலைக்கு வந்து போகிற அவளையும் சேர்த்தால் ஒன்றேகால் ஆள் தேறும். இதில் யார் தொட்டது என்று விசாரணை வேறு!

“நான்தாங்க. நல்லா விபூதி போட்டுத் தேச்சேன். எப்பிடி மின்னுது பாருங்க!”

மின்னியது. பார்க்கச் சகிக்காத அளவுக்கு மின்னியது. 1887ஆம் வருஷத்து வெள்ளி ரூபாய். நேற்று வரை அதன் ஓரத்தைச் சுற்றி மயில் கழுத்து நீலம் ஓடியது. உள்ளே வர வர அது மெல்லிய ரோஸ் நிறமாகி, நடுவில் ராணியின் கன்னத்தில் தேன் நிறத்தில் போய் முடிந்தது. சாயம் போட்ட மாதிரி பளிச்சென்று இருக்காது. காசைச் சற்றுச் சாய்த்தால் தெரியும், நிமிர்த்தினால் ஒளிந்துகொள்ளும். யாரும் பூசியதல்ல, காற்றும் காலமும் கொடுத்தது. இப்போது ராணி, முகம் கழுவிப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய பிள்ளை மாதிரி வெள்ளை வெளேரென்று உட்கார்ந்திருந்தாள்.

“ஏம்மா, உன்னை யாரு இதைத் தேய்க்கச் சொன்னது?”

“நீங்கதானே சொன்னீங்க? ஞாயித்துக்கெழம விருந்தாளி வராரு, வூட்டச் சுத்தம் பண்ணுன்னு. இத்தினி நாள்ல ஒரு நாளாச்சும் அப்பிடிச் சொல்லியிருக்கீங்களா? சரி, ஆசையா சொல்றாரேன்னு சாமி அலமாரி வரைக்கும் தொடச்சிக்கினு வந்தேன்.”

அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. வெள்ளி என்றால் விபூதி போட்டுத் தேய்ப்பது, பித்தளை என்றால் புளி போட்டுத் தேய்ப்பது. இதற்கெல்லாமா ஒருத்தி அனுமதி கேட்டுக்கொண்டு நிற்பாள்?

மருதாசலத்துக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். சுரங்கத்தில் ஃபோர்மேன். பிள்ளை குட்டி இல்லை. மனைவி தமயந்தி போய் நாலு வருஷம் ஆகிறது. அவள் போன பிறகு குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதிலும் பாதிப் பேர் வீடு மாறி வந்தவர்கள். ஷிஃப்ட் முடிந்து வந்தால் ரேடியோவோடு பேச வேண்டும், இல்லாவிட்டால் சுவரோடு பேச வேண்டும். தமயந்தி இருந்தவரை அவர் எட்டிக்கூடப் பார்த்திராத சாமி அலமாரியை ஆறு மாதத்துக்கு முன்பு ஏதோ ஒரு வெறுமையில் திறந்தார். விளக்குத் தட்டில் அந்தக் காசு நீல ஓரத்தோடு கிடந்தது. தமயந்தியின் பாட்டி காலத்துக் காசு என்று எப்போதோ அவள் சொன்னதாக ஞாபகம்.

அதன் பிறகுதான் தஞ்சாவூர் சிங்காரவேலு வந்தார், கடிதத்தில். பழைய காசுகளைப் பற்றி அவர் பத்திரிகையில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு மருதாசலம் ஒரு கார்டு போட்டார். பதிலுக்கு எட்டுப் பக்கம் வந்தது! “தொண்ணூற்றைந்து வருஷம் கை படாமல் கிடந்தாலொழிய இந்த நிறம் வராது. கடைக்காரன் ஒரு நிமிஷத்தில் பூசும் நிறம் அல்ல இது. தொடாமல் விட்ட உங்கள் முன்னோர்களுக்கு என் நமஸ்காரம்.”

அன்று முதல் வாரம் ஒரு கடிதம். காலை வெயிலில் நீலம் எப்படித் தெரிகிறது, மேகம் போட்டால் ரோஸ் எங்கே போகிறது என்று மருதாசலம் எழுத, சிங்காரவேலு விளக்கம் எழுத, அப்படியே ஆறு மாதம் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வருவதாக இப்போது எழுதியிருந்தார். மருதாசலம் மந்தாரக்குப்பம் போய் வீட்டுக்கு இரண்டாவது நாற்காலி வாங்கி வந்தார்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் வியாழக்கிழமை விபூதி விழுந்தது. காசு போனால் மயிரே போச்சு என்று விட்டுவிடுவார். கடிதம் நின்று போனால் என்ன செய்வது?

பக்கத்து வீட்டு நல்லசாமி சுரங்கத்து கெமிஸ்ட்ரி லேப்பில் வேலை பார்க்கிறவன். அவனிடம் ஓடினார்.

“இதுக்கா கவலைப்படறீங்கண்ணா? வெள்ளிக்கு நிறம் ஏத்தறது கந்தகமுங்க. அது அவிச்ச முட்டையிலயே இருக்குது. சூடா ஒண்ணை உடைச்சுக் காசோட டப்பாவுல போட்டு மூடுங்க. பத்தே நிமிசம்!”

ஒரு முட்டைக்குப் பத்து நிமிஷம் என்றால் மூன்று முட்டைக்கு மூன்றே நிமிஷம் என்று மருதாசலம் கணக்குப் போட்டார். வெள்ளிக்கிழமை காலையில் டப்பாவை மூடினார், வாசலில் ஷிஃப்ட் பஸ் ஹாரன் அடித்தது, ஓடிப்போய் ஏறிக்கொண்டார். டப்பா ஞாபகம் வந்தபோது சுரங்கத்துக்குள் இருந்தார். மத்தியானம் இரண்டரை மணிக்குத் திரும்பியபோது வீட்டுக்குள் கால் வைக்க முடியவில்லை.

“இன்னாங்க, எலி கிலி செத்துப் போச்சா?” என்று ருக்குமணி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

காசு, டீக்கடை வடிகட்டியின் அடி மாதிரி ஒரு பழுப்புக்கு வந்திருந்தது. கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடும் என்று பல்பொடி வைத்துத் தேய்த்தார். மூக்கு மேடாக இருந்த பாவத்துக்கு, ராணிக்கு மூக்கு மட்டும் வெளுத்தது.

“அண்ணா, மூக்கையும் மத்ததோட சேத்துட்டா வித்தியாசம் தெரியாதுங்களே” என்றான் நல்லசாமி.

எப்படிச் சேர்ப்பது? அடுப்பில் நிலக்கரியைப் போட்டுப் புகையவிட்டு, இடுக்கியால் காசைப் பிடித்துக் காட்டினார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். காசு அட்டக்கரியாகிவிட்டது. ராணி எந்தப் பக்கம், பூ எந்தப் பக்கம் என்று தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

“நல்லசாமி, நீ உன் வூட்டுக்குப் போயிரு சாமி.”

“அந்தாளை வர வேண்டாம்னு சொல்லிடுங்கண்ணா. உடம்பு சரியில்லைன்னா யாரு கேக்கப் போறாங்க?”

முதல் தடவையாக அவன் சொன்னது உருப்படியாகப் பட்டது. அன்று சாயங்காலமே மருதாசலம் தந்தி அடித்தார். “காய்ச்சல். வர வேண்டாம்.” ஆறு மாத நிறம் அப்படியே கடிதத்தில் கிடக்கட்டும், நேரில் பார்த்தால்தானே வம்பு?

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து வந்து, பசியோடு தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றியபோது கதவு தட்டப்பட்டது. ருக்குமணி போய்த் திறந்தாள். வாசலில் தும்பைப்பூ வேட்டியில் ஒடிசலாக ஒரு பெரியவர். வியர்த்து விறுவிறுத்து நின்றவர், அவளிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“எடுத்தாச்சாம்மா?”

“இன்னாத்தங்க?”

“மருதாசலம் சாரை.”

மருதாசலம் சோற்றுக் கையோடு வெளியே வந்தார். “நான்தானுங்க மருதாசலம். நீங்க யாரு?”

பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். குழம்பு வழிந்த கையைப் பார்த்தார். பிறகு வாசற்படியிலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

“நான் சிங்காரவேலு, சார். தஞ்சாவூர். முப்பது வருஷம் தந்தி ஆபீஸ்ல இருந்தவன் நான்! காய்ச்சலுக்கு எவனாவது தந்தி கொடுப்பானா? கார்டு போதாதா? தந்தியில காய்ச்சல்னு வந்தா ஆள் போயாச்சுன்னு அர்த்தம். எத்தனை தந்தி என் கையாலயே அடிச்சிருக்கேன்! முதல் கார்டுலயே தனி ஆள்னு எழுதின மனுஷனாச்சே, தூக்கறதுக்கு நாலு பேர் சேருவாங்களோ இல்லையோன்னு சாப்பிடக்கூடச் செய்யாம பஸ் ஏறிட்டேன்.”

பக்கத்தில் வைத்த பை சாய்ந்தது. உள்ளேயிருந்து ஒரு ரோஜா மாலை எட்டிப் பார்த்தது. இரண்டு பேருமே அதைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

மருதாசலத்துக்குச் சிரிப்பு வந்தது. பாதியிலேயே அது நின்றுவிட்டது. செத்தால் தூக்க ஒரு ஆள் தஞ்சாவூரிலிருந்து நாலு பஸ் மாறி வருவார் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

“வாங்க, உள்ள வாங்க. முதல்ல சாப்பிடுங்க” என்று புது நாற்காலியை இழுத்துப் போட்டார்.

வாங்கி வந்த மாலையை வீணாக்குவானேன் என்று ருக்குமணி அதை எடுத்துத் தமயந்தியின் படத்துக்குப் போட்டுவிட்டாள். சாப்பாடு முடிந்தது. சிங்காரவேலு கை துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார்.

“பொழைச்சு இருக்கீங்க, சந்தோஷம். இப்போ காட்டுங்க சார், அந்த நீலத்தை.”

இனி மறைக்க முடியாது. மருதாசலம் காசைக் கொண்டுவந்து வைத்தார். விபூதி, முட்டை, பல்பொடி, புகை, தந்தி என்று ஒன்றுவிடாமல் சொன்னார். சிங்காரவேலு கரிக்காசைக் கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார்.

“தொண்ணூத்தஞ்சு வருஷம் சார்! ஒரு மனுஷ ஜென்மத்தைவிடப் பெரிசு. இனிமே நீங்களும் இல்லாம, நானும் இல்லாமப் போன பிறகுதான் அந்த நிறம் இதுல திரும்பி வரும்.”

“தப்புத்தானுங்க” என்றார் மருதாசலம். பிறகு, கேட்கவே கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டார். “அப்ப இனி லெட்டர் வராதுங்களா?”

சிங்காரவேலு தலையைக் குனிந்துகொண்டார். “எதைப் பத்தி எழுதறது, சொல்லுங்க? நமக்குள்ள அந்த நிறத்தைத் தவிர வேற பேச்சே இருந்ததில்லையே. எனக்கும் உங்களை விட்டா லெட்டர் போட ஆள் கிடையாது சார்.”

ருக்குமணி காபி டம்ளர்களைக் கொண்டுவந்து வைத்தாள். கரிக்காசை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“தொண்ணூத்தஞ்சாவது, இன்னொண்ணாவது! அம்மா இருந்த வரைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் நான்தாங்க இத விபூதி போட்டுத் தேச்சிக் குடுப்பேன். அவுங்க போனப்புறம் ஏன்னு கேக்க ஆளில்லாம கெடந்த இந்த நாலு வருசத்துல ஏறின கலருதாங்க அது.”