நாக்கால் பார்த்து வாங்கிய கார்

கண்ணால் பார்த்துக் கார் வாங்குகிறவர்கள் உண்டு. ஓட்டிப் பார்த்து வாங்குகிறவர்களும் உண்டு. நாக்கால் பார்த்துக் கார் வாங்கிய மனுசி இந்த மன்னார்த் தீவில் மட்டுமல்ல, எந்தத் தீவிலும் எங்கள் கருவாட்டக்கா ஒருத்திதான்.

பேசாலையில் அவரைத் தெரியாதவர் இல்லை. ஞானஸ்நானப் பெயர் என்று ஒன்று இருந்திருக்கும், ஆனால் கோயில் சுவாமியே அவரைக் கருவாட்டக்கா என்றுதான் கூப்பிடுவார். காய்ந்த மீனை ஒரு விரலால் தடவி, அந்த விரலை நாக்கில் வைத்து, "இதுக்கு இன்னும் ஒரு வெயில் வேணும்" என்பார். அதோடு சரி, மறுபேச்சுக் கிடையாது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் நடுவில் வாய் திறக்க எனக்கு வெட்கம். எனக்கும் சேர்த்து அக்கா பேசுவார். வியாபாரம் அவருடையது, கூடப்போகிற துணை நான். கருவாட்டுப் பெட்டிகளோடு முருங்கன் சந்தைக்குப் பஸ்ஸில் போவோம். அக்கா யன்னல் கரையில், நான் அவர் பக்கத்தில். பிள்ளைகள் கலியாணம் முடித்துப் போனார்கள், ரோட்டுக்குத் தார் வந்தது, பஸ்ஸுக்குள் பாட்டுப்பெட்டி வந்தது. நாங்கள் இருக்கும் ஒழுங்கு மட்டும் மாறவில்லை.

அதை மாற்ற ஒரு கொண்டக்டர் வந்து சேர்ந்தார்.

"அம்மா, இந்த மணத்தோட பெட்டியை ஏத்த ஏலாது. சனம் சத்தி எடுக்குது."

"தம்பி, சோத்தோட தின்னேக்கை மணக்கேல்லையோ?"

"தின்னேக்கை நான் வீட்டிலயெல்லோ இருக்கிறன்!"

பஸ் போய்விட்டது. அக்கா பெட்டிமேல் உட்கார்ந்தார். தூசி அடங்கும்வரை ரோட்டையே பார்த்தார். "எடி லூர்து, நான் கார் வாங்கப் போறன்" என்றார்.

அக்கா காரில் போய்விடுவார். நான் பஸ்ஸில் யாரோ ஒருவரின் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு போகவேண்டும். அக்காவிடம் லைசன்ஸ் ஏற்கெனவே இருந்ததும் என் கெட்ட காலம். அவருக்கு ஓட்டப் பழக்கிய தம்பி, அக்கா பாஸ் பண்ணிய கையோடு அந்தத் தொழிலையே விட்டுவிட்டுப் பலசரக்குக் கடை போட்டார்.

கார் என்றதும் ஒட்டிக்கொண்டவர் பென்சன் எடுத்த ரீச்சர். இரண்டு வீடு தள்ளி இருக்கிறவர். அதுவரை அக்காவிடம் அரைக் கிலோ நெத்தலி வாங்கிய பழக்கம்தான். இப்போது போனை விரலால் தள்ளித் தள்ளி அக்காவின் தோளோடு தோளாக உட்கார்ந்துவிட்டார்.

"முதல்ல எங்கட தேவை என்னெண்டு பார்ப்பம். கிழமைக்கு எத்தினை தரம் ஓடுவீங்கள்? என்ன ரோட்? ஒரு லீற்றருக்கு எவ்வளவு ஓடவேணும்?"

எங்கட தேவையாம்! எப்போதிருந்து எங்கட? நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கொஞ்சம் பலமாகவே வைத்தேன். இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அக்காவின் தேவை கொஞ்சந்தான். வாசல் மணலில் கார் புதையக்கூடாது. பின்னுக்குப் பெட்டி அடங்கவேண்டும். பெற்றோலைச் சாராயம்போலக் குடிக்கக்கூடாது. ஹோர்ண் அடித்தால் கழுதை விலகவேண்டும். நடுரோட்டில் படுத்துக் கிடக்கும் மன்னார்க் கழுதைகளைக் கண்டவர்களுக்கு இந்தக் கடைசித் தேவை விளங்கும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தேவை, கார் கடற்கரையில் நின்று உப்புப் பட்டிருக்கக்கூடாது. அக்காவின் மைத்துனர் வாங்கிய கார் மேலே கண்ணாடிபோல மினுங்கியது. உள்ளே கால்விரிப்பைத் தூக்கினால் ரோட் தெரிந்தது. மழைக்கு அவர் காரையும் ஓட்டி, குனிந்து தண்ணீரும் இறைப்பார்.

முதலில் தாராபுரத்தில், நானா என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு முஸ்லிம் வியாபாரியின் சின்னக் கார். ஓட்டோ பிடித்துப் போனோம். ரீச்சர் அக்காவின் பக்கத்தில். நான் கரையில், அளவு பார்க்கிற வெறும் பெட்டி என் மடியில். அக்கா காரின் கதவைத் திறந்து, அடிப்பக்கம் விரலை விட்டுத் தடவி, நாக்கில் வைத்தார்.

"நானா, இது உப்பு."

"என்ன அக்கா செய்றீங்க? கார் வாங்க வந்தீங்களா, கறி பார்க்க வந்தீங்களா?"

"கார் கடல்ல குளிச்சிருக்கு."

"அல்லாவே! நானே கடல்ல குளிச்சு வருசக்கணக்காகுது!"

அக்கா கேட்கவில்லை. உப்பு என்று அவர் சொன்னது எனக்கு இனித்தது.

பிறகு பெரியமடுவில் ஒரு கமக்காரரின் வான். சுற்றிவர வயலும் குளமும்தான். அக்கா தடவினார், நக்கினார். உப்பு. கமக்காரர் வானத்தைப் பார்த்தார். "அக்கா, இஞ்ச கடல் எந்தப் பக்கம் கிடக்கெண்டே என்ர பிள்ளையளுக்குத் தெரியாது!"

"காத்து உப்பைக் கொண்டுவரும்" என்று ரீச்சர் விளக்கம் சொன்னார். அவர் சொன்னால் அக்கா "ஓம் ரீச்சர், ஓம் ரீச்சர்" என்று தலையாட்டுவார். நான் சொல்லி அவர் தலையாட்டியதை நான் கண்டதில்லை. சரி, நான் எதுவும் சொல்வதுமில்லை.

மூன்றாவது முருங்கனில், ஒரு நெல் வியாபாரியின் கொட்டிலில் நின்றது. சின்ன எஞ்சின், உயரமான உடம்பு. பின்சீட்டை மடக்கினால் பெட்டி சுகமாக ஏறும். பழுத்த வாழைப்பழ நிறம் என்பதால் ஒருவரும் வாங்காமல் கிடந்தது. அதனால் விலையும் அக்காவின் கைக்குள் அடங்கியது. ரோட்டுக்கு எடுத்து, படுத்திருந்த கழுதைக்கு முன்னால் ஹோர்ண் அடித்தோம். கழுதை எழும்பி, எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. எல்லாம் சரி. நக்கினார். உப்பு!

நெல் வியாபாரியின் மனுசி தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்தார். அக்காவின் கை மணம் அவருக்கு எட்டியிருக்கவேண்டும். "அக்கா, சவர்க்காரம் கிணத்தடியில கிடக்கு" என்று பக்குவமாகச் சொன்னார். அக்கா கையைக் கழுவி வடை தின்றார். போகும்போது மனம் கேளாமல் கதவடியை இன்னொரு தரம் தடவி நக்கினார். உப்பு இல்லை. இடது கை விரலை நக்கினார். அந்தக் கை வடைக்குத் தேவைப்படாததால் கழுவப்படாத கை. என்னைப் பார்த்தார்.

"எடி லூர்து, உப்பு என்ர கையிலயெல்லோ!"

கொட்டில் அதிரச் சிரித்தோம். நெல் வியாபாரி நெல்மூட்டையில் சாய்ந்து சிரித்தார். "காத்து" என்று ஏதோ தொடங்கிய ரீச்சரும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அக்கா, "ஐயோ, தாராபுரத்து நானா பாவம்" என்று கண்ணைத் துடைத்தார். கார் முடிவாகிவிட்டது என்று விளங்கியபோதுதான் என் சிரிப்பு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை சுவாமி காருக்குத் தீர்த்தம் தெளித்தார். தெளித்து முடிய முன்சீட்டில் ரீச்சர் ஏறினார். பெல்ட்டையும் தானே பூட்டினார். நான் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் மன்னார் ஆஸ்பத்திரியில் எனக்குக் கிளினிக். அக்காவிடம் சொல்லவில்லை. பஸ் ஏறி, யன்னல் கரையில் இருந்தேன். பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்தேன்.

கொஞ்சத் தூரத்தில் பின்னால் ஹோர்ண் சத்தம். திரும்பினால் வாழைப்பழ நிறம். பஸ் ஒதுங்கி வழி விட்டது, கார் முந்தவில்லை. பஸ் நின்ற இடமெல்லாம் காரும் நின்றது. புறப்பட்டால் மறுபடி ஹோர்ண். பஸ்ஸில் இருந்த சனம் கழுத்தை வளைத்துப் பார்த்தது. நான் முந்தானையால் முகத்தை மூடினேன். தாராபுரத்தடியில் டிரைவர் பொறுக்கமாட்டாமல் பஸ்ஸை நிறுத்தினார். அக்கா கார்க் கதவைச் சாத்தாமலே வந்து பஸ்ஸில் ஏறினார்.

"இறங்கடி."

"நான் பஸ்ஸில போறன்." அத்தனை சனத்துக்கு முன்னால் எனக்கு எப்படிச் சத்தம் வந்ததோ தெரியாது. "உங்களுக்கு ரீச்சர் இருக்கிறாதானே."

"ரீச்சர் இனி ஏறமாட்டாவாம். கோயிலடியிலிருந்து வீட்டை வரமுந்தி எல்லாப் புனிதரையும் கூப்பிட்டு முடிச்சிட்டா."

"அவ ஏறாதபடியால்தான் என்னைக் கூப்பிடுறீங்களோ?"

அக்கா இடுப்பில் கை வைத்தார். "விசரி! அவ கார் பார்க்க வந்தவ. நேற்று உன்ர தலையிடி கேட்டு இரவு வந்தனான், கதவைத் திறந்தியோ? விடிய வந்தால் ஆளைக் காணேல்லை. எனக்குக் காரோட வாழத் தெரியுமோ? நீ ஆரெண்டு இந்தப் பஸ்ஸையே கேட்டுப் பார்!"

கேட்கத் தேவை வரவில்லை. எங்களை ஏற்றாமல் போன அதே கொண்டக்டர் என் கைப்பையை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். "இறங்கிப் போங்கோ அம்மா. உங்களைத் தனியக் காண எங்களுக்கும் ஒரு மாதிரிக் கிடக்கு."

இறங்கினேன். முன்சீட்டில் என்னை இருத்தி, பெல்ட்டைப் பூட்டத் தெரியாமல் நான் முழித்தபோது அக்காவே குனிந்து பூட்டினார். பிறகு ஓட்டினார். ரீச்சர் புனிதர்களைக் கூப்பிட்டதில் ஒரு பிழையும் இல்லை. முன்னால் போகும் வாகனத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அக்கா பார்ப்பார். கடலைப் பார்ப்பார், மதிலைப் பார்ப்பார், கதை சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பார். நான் ஒரு கையால் கதவைப் பிடித்து, மறுகையால் செபமாலை உருட்டிக்கொண்டு போவேன். இன்றைக்கும் அப்படித்தான் போகிறேன்.

அவர் ஓட்டுகிற ஓட்டத்துக்குப் பக்கத்தில் இருந்து மன்றாட ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். அந்த ஆளாக வேறொருத்தி இருக்க நான் விடமாட்டேன்.