வெறுந்தரைத் துறவி

வெர்லின் ஹஸ்கெட் அந்த ஜூலை மாதம் ஒரு மாபெரும் முடிவெடுத்தான். மூன்றே நாளில் தன் மனைவி நோரீன் காட்டுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு வீடு திரும்பியாக வேண்டும். அதற்கப்புறம் ஆயுசுக்கும் அவள் கூடாரத்தின் பெயரைச் சொல்லக் கூடாது.

முடிவுக்குக் காரணம் இருந்தது. பதினொரு வருஷமாக, ஒவ்வொரு ஜூலையிலும், பத்து நாள், அவன் ஐடஹோ மலைக்குள் தன்னந்தனியாகக் கூடாரம் போட்டு வந்தான். அரசாங்கக் காடு. வாடகை கிடையாது, சீட்டு கிடையாது, ஏன் வந்தாய் என்று கேட்பார் கிடையாது. குழாய், மேஜை, கழிப்பறை ஆகியவையும் கிடையாது. வண்டி போகிற வரைக்கும் போகலாம், தரை சமமாக இருக்கிற இடத்தில் படுக்கலாம். வெர்லினுக்கு மட்டும் தமிழ் தெரிந்திருந்தால், கூட ஆரும் இல்லாமல் இருப்பதால்தான் அதற்குக் கூடாரம் என்று பெயர் என்று சத்தியமே செய்திருப்பான்.

நோரீன், சாலிஸ் என்கிற அவர்கள் ஊர்த் தபால் நிலைய ஜன்னலுக்குப் பின்னால் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்திருந்தவள். ஜூலையில் அவளுக்கு லீவு கிடைக்காது. ஆகவே வெர்லின் திரும்பி வந்து என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வாள்.

"வெறுந்தரை, நோரீன். பாறை மேல படுக்கை. ஆறிப்போன பீன்ஸ். மனுஷன் மிருகமா மாறினாத்தான் அங்கே தாக்குப்பிடிக்க முடியும்."

அந்த மிருகத்துக்கு ஒரு மடக்குக் கட்டில் இருந்தது. கட்டில் மேல் போட ஒரு காற்று மெத்தை. கோப்பை வைக்கக் கைப்பிடியில் ஓட்டை வைத்த நாற்காலி. இரட்டை அடுப்பு, ரேடியோ, கொசுவலை. எல்லாம் பின்கட்டுக் கொட்டகையில் பழைய பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் தார்ப்பாயில் சுற்றிக் கிடந்தன. அவற்றை ஏற்றிக்கொண்டு, பெயரில்லாத ஒரு குட்டி ஏரிக்கரையில், புல் தரையில், பைன் நிழலில் போய் விழுவான். "என் ஏரி" என்று அவன் அதைச் சொல்வான். அந்த இடம் தெரிந்த இன்னொரு மனிதன் அவன் சிநேகிதன் எல்டன் மட்டுமே.

மே மாதம் நோரீன் ஓய்வு பெற்றாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கேக் வெட்டினார்கள். மறுநாள் காலை பேன்கேக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"இந்த வருஷம் நானும் வரேன்."

"எங்கே?"

"காட்டுக்கு."

"எந்தக் காட்டுக்கு?"

"நீ வருஷா வருஷம் மிருகமா மாறுவியே, அந்தக் காட்டுக்கு."

வெர்லினுக்குப் பேன்கேக் தொண்டையில் கூடாரம் போட்டது.

"அங்கே கக்கூஸ் கிடையாது நோரீன்."

"தெரியும். குழி தோண்டணும். நீதானே சொல்லியிருக்கே."

"தண்ணி கிடையாது."

"ஓடையில மொண்டுக்கணும். அதையும் நீதான் சொன்னே."

"கரடி இருக்கு."

"பதினொரு வருஷத்துல ஒரு கரடியும் வரலையே உன் கதையில?"

"நீ பயந்துடுவேன்னுதான் சொல்லல."

கரடி விடுவதில் வெர்லின் கைதேர்ந்தவன். அன்று காலைச் சாப்பாடு முடிவதற்குள் மூன்று விட்டான். ஒன்று கறுப்பு, இரண்டு பழுப்பு. பழுப்பில் ஒன்றுக்குக் குட்டிகூட இருந்தது. நோரீன் கேட்டு முடித்து, "சரி, தட்டறதுக்கு ஒரு தகர டப்பா எடுத்துக்கறேன்" என்று தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள்.

வெர்லின் எல்டனிடம் ஓடினான். எல்டன் தூண்டில் சாமான் விற்கும் கடை வைத்திருந்தான்.

"ஏரிக்குக் கூட்டிட்டுப் போயிடேன்" என்றான் எல்டன். "அழகான இடம். அவளுக்குப் பிடிக்கும்."

"அதான்டா பயமே! பிடிச்சுப்போனா? வருஷா வருஷம் வருவா. அப்புறம் அது காடா, வீடா? முப்பத்தோரு வருஷக் கல்யாணத்துல எனக்குன்னு மிஞ்சியிருக்கிறது பத்தே நாள்."

"அப்போ என்ன பண்ணப் போறே?"

"நாலாவது மைல்ல ஒரு பாறைச் சரிவு இருக்கே, சதுப்புக்கு மேல? அங்கே கொண்டுபோய் நிறுத்தப் போறேன். மூணு நாள். மூணாவது நாள் அவளே 'போதும்'னு சொல்லுவா. யார்கிட்டயும் சொல்லிடாதே."

"நான் யார்கிட்டடா சொல்லப் போறேன்?" என்றான் எல்டன். அவன் பெண்டாட்டி ட்ரூடி கடைக்குள்ளே புழு எண்ணிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை கிளம்பினார்கள். சொகுசுச் சாமான் ஒன்றையும் வெர்லின் தொடவில்லை. கழிப்பறைத் தாளைக்கூட வேண்டுமென்றே சமையலறை மேஜை மேல் விட்டுவிட்டு வந்தான். தியாகம் என்றால் அது தியாகம். மூன்று நாள் கஷ்டம், முப்பது வருஷச் சுகம் என்று கணக்குப் போட்டிருந்தான்.

பாறைச் சரிவு அவன் நினைத்ததைவிட மோசமாக இருந்தது. மனம் குளிர்ந்தது. கீழே சதுப்பு. சதுப்பிலிருந்து கொசுக்கள் குடும்பம் குடும்பமாக வந்து வரவேற்றன. ஓடை கால் மைல் கீழே.

"இதுதான் நம்ம அரண்மனை" என்றான்.

நோரீன் சுற்றிப் பார்த்தாள். "பதினொரு வருஷமா இங்கேயா இருந்தே?"

"இங்கேதான்."

"பாவம் வெர்ல் நீ" என்று சொல்லி, பிக்கப் வண்டியின் பின்பக்கம் தன் மூட்டையை மூடியிருந்த போர்வையை உருவினாள்.

உள்ளே மடக்குக் கட்டில். மெத்தை. நாற்காலி. அடுப்பு. ரேடியோ. கொசுவலை.

வெர்லினுக்கு வாயில் கொசு போனது. மூடத் தோன்றவில்லை.

"இதெல்லாம் ஏது?"

"நம்ம கொட்டகையில இருந்தது. பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னாடி. யாரோ மறந்து வெச்சிட்டுப் போயிருக்காங்க."

"யாரோவா?"

"உன்னோடதா இருக்க முடியாதே. நீதான் வெறுந்தரையில படுக்கிறவனாச்சே." நாற்காலியை விரித்து உட்கார்ந்தாள். கோப்பையை ஓட்டையில் பொருத்தினாள். "அடடா, எவ்வளவு யோசிச்சுச் செஞ்சிருக்கான் பாரு. உன்னோடதா இது?"

அவன் நாக்கு நுனி வரை 'ஆமாம்' வந்தது. வந்து, பதினொரு வருஷப் பொய்யைப் பார்த்துவிட்டு, திரும்பி உள்ளே போய்விட்டது.

"இல்லே" என்றான்.

"நல்லவேளை. ஒருத்தருக்குத்தான் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை காலை வெர்லின் கூடாரத்திலிருந்து நாலு காலில் வெளியே வந்தான். முதுகுக்குக் கீழே ஒரு பாறை இருந்திருக்கிறது. எடுத்துப் போடலாம் என்று பார்த்தால் அது மலையின் ஒரு பாகம். நோரீன் வலைக்குள் உட்கார்ந்து ரேடியோவில் வானிலை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்லாத் தூங்கினியா?"

"குழந்தை மாதிரி."

"பாத்தா மிருகம் மாதிரி இருக்கு. மாறிட்டே போல. தண்ணி கொண்டு வரயா?"

"ஓடைக்குப் போக வழி சுலபம்தான், நீயே..."

"ஐயோ, நான் போனா உனக்கு மரியாதையா இருக்குமா? விடியறதுக்கு முன்னாடி எழுந்து ரெண்டு வாளி சுமந்தாத்தான் ஆம்பளைக்கு அழகுன்னு போன வருஷம் சொன்னியே."

சொல்லியிருந்தான். கால் மைல் கீழே, கால் மைல் மேலே. மேலே வரும்போது கால் மைல் முழு மைலாக வளர்ந்திருந்தது.

அவள் தன் இரட்டை அடுப்பில் முட்டையும் பன்றிக்கறித் துண்டும் பொரித்தாள். அவனுக்குப் பீன்ஸ் டப்பாவை நீட்டினாள்.

"சூடு பண்ணித் தரட்டுமா? வேண்டாம், சூடு பண்ணினா உனக்குப் பிடிக்காது."

பதினொரு மணிக்குக் கழிப்பறைத் தாளின் ஞாபகம் வந்தது. நோரீனிடம் தாள் இருந்தது. மேஜை மேல் கிடந்ததைப் பார்த்து எடுத்து வைத்திருந்தாள். கேட்கத்தான் அவனுக்கு வாய் வரவில்லை. காட்டில் அதெல்லாம் எதற்கு, இலை இருக்கிறது என்று அவன் எத்தனையோ ஜூலை மாதங்களில் மார்தட்டியிருந்தான். இலவசமாகத் தங்க வந்த மனிதன் அன்று இலை வசமானான். எந்தச் செடி என்று பார்க்காமல் பறித்ததால் மறுநாளிலிருந்து அரிப்பில் அவனுக்கு உட்காரவும் வழியில்லாமல் போயிற்று. உட்கார நாற்காலியும் இல்லைதான்.

திங்கள், மூன்றாம் நாள். 'போதும்' வரவேண்டிய நாள். வெர்லின் சாயங்காலம் வரை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அது பிஸ்கட் தின்றது. கொட்டாவி விட்டது. ரேடியோவோடு சேர்ந்து பாடியது.

"நோரீன், அங்கே புதர்ல ஏதோ அசையுது. பழுப்பா இருக்கு."

"குட்டியோட இருக்கா?"

"ஆமாம்போல."

"அப்போ நீ வாசல் பக்கமா படுத்துக்கோ."

செவ்வாய்க்கிழமை வனத்துறைப் பெண் ஒருத்தி பச்சை வண்டியில் வந்தாள். வந்தவள் இடத்தைப் பார்த்துவிட்டு இறங்கவே யோசித்தாள்.

"வண்டி ரிப்பேரா?"

"இல்லே, தங்கியிருக்கோம்" என்றாள் நோரீன்.

"இங்கேயா? விரும்பியா?"

"இவருக்கு உயிர் இந்த இடம்னா. கரடிதான் தொந்தரவாம்."

"கரடியா? இங்கே வந்து அது என்னத்தைத் தின்னும்?" அவள் வெர்லினை மேலும் கீழும் பார்த்தாள். "சார், உங்க முகத்துல என்ன?"

"கொசு."

"வலை கொண்டு வரலையா?"

"மேடம், அவர் துறவி" என்றாள் நோரீன். "ஆமா, எத்தனை நாள் இங்கே இருக்கலாம்?"

"ஒரே இடத்துல பதினாலு நாள் வரைக்கும்."

"பதினாலா! கேட்டியா வெர்ல்? நீ பத்தோட வந்துடுவே. இத்தனை வருஷமா நாலு நாளை வீணாக்கியிருக்கே!"

வெர்லின் ஒரு பாறை மேல் மெதுவாகச் சாய்ந்தான்.

புதன்கிழமை காலை அவனால் எழுந்திருக்க முடியவில்லை. கூடாரத்தின் வாசலில் தலையை மட்டும் வெளியே நீட்டினான், ஆமை மாதிரி.

"நோரீன்."

"ம்?"

"போதும்."

"என்ன போதும்?"

"எல்லாம் போதும். அந்தக் கட்டில் என்னோடது. மெத்தையும் என்னோடது. நாற்காலி, ரேடியோ எல்லாம். நான் இங்கே வந்ததே இல்லே. ஒரு ஏரி இருக்கு. அங்கேதான் போவேன். புல் தரை. மெத்துனு இருக்கும்."

நோரீன் ரேடியோவை அணைத்தாள்.

"முப்பத்தோரு வருஷத்துல இருபத்தாறு வருஷம் நான் அந்த ஜன்னல்ல உட்கார்ந்தேன்" என்றாள். "ஊர்ல உள்ளவன் போன இடத்துலேர்ந்தெல்லாம் போட்ட படக்கார்டு என் கை வழியாத்தான் போச்சு. மலை, ஏரி, கடல். நான் பார்த்ததெல்லாம் தபால்தலை. நீ என்னை ஒரு ஏரிக்குக் கூட்டிட்டுப் போகக் கூடாதா வெர்ல்?"

வெர்லினுக்கு நிஜமாகவே வெட்கமாகப் போய்விட்டது. முதுகைவிட அதிகமாக அது வலித்தது.

"இப்பவே போகலாம்" என்றான். "நான் வழி சொல்றேன். நீ ஓட்டு. என்னால உட்கார முடியாது."

கூடாரத்தை அவள் மடித்தாள். அவன் பின்பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டான். வழியெல்லாம் மனசு லேசாகிக்கொண்டே வந்தது. என்ன குறைந்துவிடப் போகிறது? கட்டிலில் முறை வைத்துக்கொள்ளலாம். மீன் பிடித்துத் தரலாம். மனைவியோடு ஒரு ஏரிக்கரையில் உட்காருவது அப்படியொன்றும் கொடுமை இல்லை என்றுகூட அவனுக்குத் தோன்றிவிட்டது.

"வலது பக்கம் திரும்பணும்" என்று கத்துவதற்காகத் தலையைத் தூக்கினான். வண்டி ஏற்கெனவே வலது பக்கம் திரும்பியிருந்தது. அடுத்த திருப்பத்தையும் அவள் கேட்காமலே திரும்பினாள். ஒடிந்து கிடந்த பைன் மரத்தைச் சுற்றிக்கொண்டு போகும் கள்ளப் பாதையையும் தானே பிடித்தாள்.

ஏரிக்கரையில் ஒரு நீலக் கூடாரம் நின்றது. எல்டனின் ட்ரூடி ஒரு சட்டியில் ட்ரவுட் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"புதன்கிழமையா?" என்று கூவினாள். "தாங்கிட்டானே! நான் மூணு நாள்னு சொன்னேன்."

"அஞ்சுன்னு நான் சொன்னேன்ல?" என்றாள் நோரீன். "புருஷன் மேல கொஞ்சமாவது நம்பிக்கை வேணும்."

வெர்லின் வண்டியிலிருந்து உருண்டு இறங்கினான். "இது என் ஏரி!"

"உன்னோடதா?" என்றாள் ட்ரூடி. "அரசாங்கக் காடுன்னுல்ல எல்டன் சொன்னான்? முன்னாடி வந்தவங்களுக்கு இடம். நான் திங்கட்கிழமையே வந்துட்டேன்."

நோரீன் அதற்குள் கட்டிலைப் பைன் நிழலில் விரித்துவிட்டாள். அவன் வருஷா வருஷம் விரிக்கிற அதே நிழல். பக்கத்தில் நாற்காலி. அவள் தண்ணீரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பார்த்துவிட்டு, "நீ சொன்னதுல இது ஒண்ணுதான் நிஜம் வெர்ல்" என்றாள்.

வெர்லின் ஒற்றைக் காலில் நின்று மறு காலுக்கு மாறினான்.

"நானும் ஒரு ஓரமா இருந்துக்கறேனே" என்றான்.

பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரொம்ப மரியாதையான பார்வை.

"தப்பா நினைச்சுக்காதே" என்றாள் நோரீன். "நாங்க பத்து நாள் கொஞ்சம் தனியா இருக்கலாம்னு வந்தோம். நீ நம்ம வண்டியை எடுத்துட்டு வீட்டுக்குப் போ. நல்ல மெத்தையில படு. ட்ரூடி வண்டியில நான் வந்துடுவேன்."

"சாப்பிடாமப் போகாதே" என்று ட்ரூடி மனசு இளகி ஒரு மீனை எடுத்து வைத்தாள். சூடான மீன். ஐந்து நாளில் முதல் சூடு. வெர்லின் நின்றுகொண்டே, முள்ளோடு, கண்ணில் நீர் வரத் தின்றான். தின்று முடித்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டு வண்டிச் சாவிக்காகக் கையை நீட்டினான்.

நோரீன் சாவியைக் கொடுக்கவில்லை.

"முதல்ல தட்டைக் கழுவு. ஏரியில இல்லே, வெர்ல். வனத்துறை விதிப்படி இருநூறு அடி தள்ளிப் போய்."