கடலுக்கு முதுகு காட்டாதீர்

உலகத்தில் இதுவரை நடந்த கடற்கரைப் பயணங்களிலேயே மிகவும் பாதுகாப்பானது, ஆரப்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மகிழம்பூ நகர் குடியிருப்போர் நலச் சங்கம் போன சித்திரையில் நடத்திய பயணம்தான். சங்கத்தின் கூட்டக் குறிப்பு எழுதுபவள் நான். எழுதியவளே சொல்கிறேன், நம்புங்கள் கண்ணுகளா.

எங்கள் தலைவர் ராஜாராமன் ஹவாயில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தவர். வரும்போது பூப்போட்ட சட்டை ஒன்றும், அங்குள்ள கடற்கரைப் பூங்காவின் பாதுகாப்பு விதிகள் பதினான்கும் கொண்டுவந்தார். கிழக்கே மூன்று மணி நேரத் தொலைவில் 'ஹவாய் பாணி' பூங்கா ஒன்று திறந்திருப்பதாகத் தெரிந்ததும், விதிகள் வீணாகப் போகக்கூடாது என்று சங்கம் ஒரு 'பாதுகாப்புக் குழு' அமைத்து பஸ் பிடித்தது. வைகையில் தண்ணீர் வந்தாலே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறவர்கள் நாங்கள். கடல் என்றால் சும்மாவா?

தேங்காய் தலையில் விழலாம் என்றது மூன்றாம் விதி. அந்தக் கரையில் தென்னையே இல்லை. ஆனாலும் நாற்பது பேரும் ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் இறங்கினோம். மதுரையில் போலீஸ் பிடித்தும் போடாத ஹெல்மெட் அது.

கரையில் ஓய்வெடுக்கும் பிராணியிடமிருந்து ஐம்பது அடி தள்ளி நிற்க வேண்டும் என்றது ஆறாம் விதி. ஹவாயில் அது சீல் என்னும் கடல் பிராணி. எங்களுக்கு வாய்த்தது ஒரு செவலை நாய். செயலாளர் மைக்கேல்ராஜ் டேப் பிடித்து அளந்தார். நாய் இடம் மாறிப் படுத்தது. சங்கமும் இடம் மாறியது. இப்படி நாலு முறை. கடைசியில் நாய் எங்களைக் கொண்டுபோய் நிறுத்திய இடம், கரை உள்வாங்கி வளைந்திருந்த ஒரு மூலை.

அங்கே அவித்த கடலை விற்கும் செல்லத்தாய் கூடையோடு ஓடிவந்தாள்.

"அண்ணே, இங்கன நிக்காதீக. அடியில இழுவை இருக்கு. ஆளையே சுருட்டிட்டுப் போயிரும்."

"நீங்க பாதுகாப்புக் குழுவுல இருக்கீங்களா?" என்றார் மைக்கேல்ராஜ்.

"நான் இந்தக் கடல்லதேன் இருக்கேன்."

"அப்ப எழுத்து மூலமாக் கொடுங்க. பரிசீலிப்போம்."

பிறகு தலைவர் பதினோரு மணி வெயிலில் வெயிலின் அபாயம் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். அடுத்து ஒன்பதாம் விதி. எங்களைப் பார்த்து நின்று, தாளைத் தூக்கிப் பிடித்து, "கடலுக்கு ஒருபோதும் முதுகு காட்டாதீர்!" என்று முழங்கினார். பின்னாலிருந்து வந்த அலை அவரை எடுத்துக்கொண்டு போனது.

ஒன்பதாம் விதி வாசிக்கப்பட்டது என்று குறித்துக்கொண்டேன்.

பதற்றத்துக்கு இடமே இல்லை. சங்கத்திடம் ஆரஞ்சு நிற மிதவை வளையம் இருந்தது. பஸ்ஸில், பூட்டிய பெட்டியில், பத்திரமாக இருந்தது. ஆனால் சங்கப் பொருள் எதுவானாலும் இருப்புப் பதிவேட்டில் தலைவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளியே வரும். எல்லோருமே முப்பது வருடம் ஆபீஸ் பார்த்தவர்கள். பிளாஸ்டிக் நாற்காலியைக்கூட அப்படித்தான் எடுப்போம்.

"தலைவர் கையெழுத்து இல்லாம எப்படிக் கொடுக்கறது?" என்றார், சாவியைக் கையில் வைத்திருந்த மைக்கேல்ராஜ்.

"அவர்தான் சார் அங்க முழுகிண்டிருக்கார்!" என்று அலறினார் தலைவரின் மனைவி அனந்தலக்ஷ்மி.

"துணைத் தலைவி போடலாமே?" என்றேன் நான்.

துணைத் தலைவி விக்டோரியா டீச்சர் யோசித்தார். "தலைவர் ஊர்ல இல்லாதப்பத்தான் நான் போடலாம். இப்ப அவரு கண்ணு முன்னாடியே இருக்காரே?"

அலைக்கு நடுவே தலைவரின் கை ஒருமுறை மேலே வந்தது.

"கை தூக்குறாரு! அனுமதிக்கிறாரா, ஆட்சேபிக்கிறாரா?" என்றார் மைக்கேல்ராஜ்.

இந்த முக்கியமான விவாதம் முடிவதற்குள், செல்லத்தாய் கூடையை என் காலடியில் வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குதித்துவிட்டாள். இழுவையோடு மல்லுக்கட்டாமல் அதன் போக்கில் போய், சட்டைக் காலரைப் பிடித்து, பக்கவாட்டில் நீந்தி, தள்ளி ஓரிடத்தில் தலைவரைக் கரையேற்றினாள். தலைவர் தண்ணீரைக் கக்கினார். மூச்சு வந்தது. சிப்பி கிழித்துச் செல்லத்தாயின் பாதத்தில் ரத்தம்.

நொண்டிக்கொண்டே அவள் என்னிடம்தான் வந்தாள்.

"தாயி, நான் எறங்குனத மட்டும் நோட்டுல எழுதிராதீக. யாவாரிக தண்ணியில கால் வச்சா பூங்காக்காரவுக எடத்தப் புடுங்கிருவாக. இந்தக் கூடையிலதேன் எம் பொழப்பு."

"எழுத மாட்டேன்டி தங்கம்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை செயற்குழு கூடியது. உறுப்பினர் ஒருவருக்கும் காயமின்றிப் பயணம் நிறைவேறியதற்காகப் பாதுகாப்புக் குழுவைப் பாராட்டினோம். உண்மைதானே? காயம்பட்டவள் உறுப்பினர் இல்லை. சால்வை போர்த்தியிருந்த தலைவர் இருமிக்கொண்டே அடுத்த தீர்மானத்தைச் சொன்னார்: மிதவை வளையமின்றி, அனுமதியின்றி வியாபாரி ஒருவர் கடலில் இறங்கியது பதினொன்றாம் விதிக்கு முரண். உயிர் காத்தமைக்கு நன்றி தெரிவிப்பதோடு, இதைப் பூங்கா நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுசெல்வது.

"ஏன்னா, பாவம் அவ" என்றார் அனந்தலக்ஷ்மி.

"அதான் நன்றியும் சொல்றோமே?" என்றார் தலைவர். "யாருக்காவது எதிர்ப்பு உண்டா?"

எனக்கு இருந்தது கண்ணுகளா. ஆனால் நான் அந்நேரம் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். முத்து முத்தாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்: 'எதிர்ப்பு எதுவும் இல்லை.'